மூளை மலேரியா: கொல்வது கிருமி மட்டும்தானா?

2023-ஆம் ஆண்டில் மலேரியாவால் உலகெங்கும் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நூற்றில் தொண்ணூற்றைந்து சாவுகள் ஆப்பிரிக்காவில் நேர்ந்தவை. அவற்றிலும் முக்கால் பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுடையவை. இந்தக் குழந்தைகள் இரத்தம் வற்றிப்போய் இறக்கிறார்கள், உடம்பில் அமிலம் ஏறி மூச்சிரைத்து இறக்கிறார்கள், மூளை பாதிக்கப்பட்டு இறக்கிறார்கள். நான் இன்று பேசப்போவது கடைசியாகச் சொன்னதைப் பற்றி. நேற்றுவரை ஓடியாடிய குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது, மறுநாள் வலிப்பு வருகிறது, பிறகு எவ்வளவு உலுக்கினாலும் கண் திறக்காத ஆழ்மயக்கம். ஆஸ்பத்திரிக்கு வந்து, சரியான மருந்து ஏறி, இரத்தத்தில் கிருமி குறைந்துகொண்டே வரும்போதும், ஐந்தாறு குழந்தைகளில் ஒன்று இறந்துவிடுகிறது. கிருமி சாகும்போது குழந்தையும் ஏன் சாகிறது? இந்தக் கேள்விக்கு நான் ஏற்கும் பதில் இதுதான்: பழியில் ஒரு பங்கு நம் உடம்பின் சொந்த வெள்ளையணுக்களைச் சேரும். சிடி8 டி செல் என்ற வகை வெள்ளையணு மூளையின் இரத்த நாளங்களுக்குள் வந்து உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அந்தச் சுவரையே கெடுக்கிறது. அதை அங்கிருந்து அகற்றும் சிகிச்சையைக் குழந்தைகளில் கவனமாகச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு ஆதாரம் சேர்ந்துவிட்டது.

இதற்கு முன்னால் ஆண்டுவந்த விளக்கத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகரில் மார்க்கியாஃபாவா, பின்யாமி என்ற இரண்டு மருத்துவர்கள், மலேரியாவில் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, நுண்ணிய நாளங்கள் முழுக்கக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் அடைந்து கிடப்பதைக் கண்டார்கள். பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம் என்ற இந்தக் கிருமி ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 48 மணி நேரம் வளர்கிறது. அதில் பிற்பாதி நேரம் அது மண்ணீரல் பக்கம் போனால் பிடிபட்டுவிடும். அதனால் சிவப்பணுவின் மேல்தோலில் ஒட்டும் புரதம் ஒன்றை நீட்டி, நாளச் சுவரைப் பற்றிக்கொண்டு ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது. கடுமையான மலேரியா வந்த குழந்தைகளின் கிருமிகள் இந்த நாளச் சுவரில் எதைப் பற்றுகின்றன என்பது 2013-இல் தெளிவானது: இரத்தம் உறையாமலும் சுவர் கசியாமலும் பார்த்துக்கொள்ளும் 'புரதம் சி' என்ற பொருளைத் தூண்டிவிடும் ஏற்பியை. அதாவது கிருமி நிற்கிற இடமே காப்பு வேலை நடக்கிற இடம். இவ்வளவும் உண்மை, இதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: கிருமி நாளத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. மூளைத் திசுவுக்குள் ஒரு கிருமியும் நுழையாமலேயே மூளை வீங்கிவிடுகிறது.

வீங்குகிறது என்று உறுதியாகச் சொல்வதற்கே பல ஆண்டுகள் ஆயின. அந்த வேலையின் பெரும்பகுதி மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில், குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் நடந்தது. டெரி டெய்லரும் மால்கம் மாலினியூவும் அங்கே பல ஆண்டுகள் உழைத்தவர்கள். முதலில், மூளை மலேரியா என்று எழுதப்பட்ட குழந்தை உண்மையில் அதனால்தான் இறந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. 2004-இல் வந்த அவர்களுடைய பிரேதப் பரிசோதனை ஆய்வில், அப்படிக் குறிக்கப்பட்ட 31 குழந்தைகளில் 7 பேருக்குச் சாவின் காரணம் வேறாக இருந்தது. மலேரியாக் கிருமி இரத்தத்தில் இருப்பது அந்த ஊரில் சகஜம். கிருமி இருக்கிறது, மயக்கமும் இருக்கிறது என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஒரே வெளிப்புற அடையாளம் விழித்திரையில் இருந்தது. கண்மணிக்குச் சொட்டு மருந்து விட்டு, விரிந்தபின் கருவியில் பார்த்தால், உண்மையான மூளை மலேரியாவில் விழித்திரையில் வெளிறிய திட்டுகள் தெரியும். சிவப்பாக ஓட வேண்டிய நாளங்கள் ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ மாறியிருக்கும். நடுவில் வெண்புள்ளி வைத்த இரத்தக் கசிவுகள் சிதறிக் கிடக்கும். மூளையைத் திறக்காமல் மூளை நாளங்களின் நிலையைப் பார்த்துவிடக் கூடிய சன்னல் அது. இந்த ஆய்வுத் துறைக்குக் கிடைத்த விலை குறைந்த, மிகப் பெரிய வரவு அந்தக் கண் பரிசோதனைதான் என்பது என் கருத்து.

2008-இல் அந்த மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. விழித்திரை அடையாளம் உள்ள 168 குழந்தைகளைப் படம் எடுத்துப் பின்தொடர்ந்த முடிவு 2015-இல் வெளியாயிற்று. இறந்தவர்கள் 25 பேர். அவர்களில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீங்கிய மூளைக்கு மண்டையோட்டுக்குள் போக இடமில்லை. அது கீழ்நோக்கி அழுத்த, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கி, மூச்சு நின்றுபோகிறது. பிழைத்த 143 பேரிலும் 39 பேருக்கு வந்து சேர்ந்தபோதே இதே அளவு வீக்கம் இருந்தது. அவர்களுக்குத் திரும்ப எடுத்த படங்களில் அது வடிந்துவிட்டிருந்தது. எனக்கு இந்த 39 பேர்தான் முக்கியமாகப் படுகிறார்கள். மூளை செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தால் வீக்கம் இவ்வளவு விரைவில் வடியாது. அப்படியானால் நடப்பது பெரும்பாலும் கசிவு. நாளத்தின் சுவர் திறந்துகொள்கிறது, மூடிக்கொள்ளவும் அதனால் முடிகிறது. சுவரைத் திறப்பது யார் என்று தெரிந்தால் தடுக்க வழி இருக்கிறது.

இந்த இடத்தில் எலிக்கு வர வேண்டும். 1948-இல் பெல்ஜிய காங்கோவின் கட்டாங்கா பகுதியில் புதர் எலிகளில் பிளாஸ்மோடியம் பெர்கை என்ற மலேரியாக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் 'ஆங்கா' என்ற வகையைக் குறிப்பிட்ட ஆய்வக எலி இனத்துக்குச் செலுத்தினால், ஒரு வாரம் போல ஆனதும் எலி நடை தள்ளாடி, வலிப்பு வந்து, மயங்கிச் செத்துவிடும். 2002, 2003 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இதில் சிடி8 டி செல்லின் கையைக் காட்டின. அந்தச் செல்களை எலியின் உடம்பிலிருந்து நீக்கிவிட்டால் மூளை நோய் வருவதில்லை. நோய்க் குறி தெரிய ஒரு நாள் இருக்கும்போது நீக்கினாலும் வருவதில்லை. இரத்தத்தில் கிருமி நிறைய இருந்துகொண்டே இருக்கும். மூளை மட்டும் தப்பிக்கிறது. இந்தச் செல்கள் இலக்கில் துளையிடப் பயன்படுத்தும் பெர்ஃபோரின் என்ற புரதத்தை உருவாக்க முடியாத எலிகளும் அப்படியே தப்பித்தன. செல்கள் மூளை நாளத்துக்கு வந்துவிடுகின்றன, ஆனால் ஆயுதம் இல்லை, அதனால் சாவு இல்லை. குற்றம் சாட்ட இதைவிடத் தெளிவான சோதனை அமைவது அரிது.

சிடி8 டி செல் நாளச் சுவரின் மேல் பாய்வதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. நன்கு யோசித்தால் அது கொஞ்சம் பரிதாபமானதும்கூட. இந்தச் செல்லின் வேலை, உள்ளே கிருமி புகுந்த செல்களைக் கண்டுபிடித்துக் கொல்வது. ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளித்தோலில் மாட்டிக் காட்டும்; அதைப் பார்த்துத்தான் டி செல் தீர்ப்பு எழுதுகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, அப்படிக் காட்டும் ஏற்பாடும் இல்லை. ஆகவே கிருமி பத்திரமாக உட்கார்ந்திருக்கும் சிவப்பணு இந்தக் காவலனின் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பணு வெடிக்கும்போது சிதறும் கிருமித் துணுக்குகளைப் பக்கத்தில் இருக்கும் நாளச் சுவர்ச் செல் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றைத் தன் தோலில் மாட்டிக் காட்டுகிறது. சிங்கப்பூரில் லோரான் ரேனியாவின் குழு 2013-இல் எலிகளில் இதை நிறுவியது. சுவர்ச் செல்லுக்குள் கிருமி இல்லை, கிருமியின் மிச்சம்தான் இருக்கிறது. டி செல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது தன் வேலையைப் பிசகில்லாமல் செய்கிறது. தண்டனை மட்டும் இடம் மாறி விழுகிறது. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். எலியின் மூளைத்தண்டு நாளங்களில் இந்தச் செல்கள் ஒட்டி நிற்பதைக் காட்டியதோடு, ஒட்டுவதற்கு அவை பயன்படுத்தும் எல்.எஃப்.ஏ.-1, வி.எல்.ஏ.-4 என்ற இரண்டு பிடிப்புப் புரதங்களையும் எதிர்ப்பொருள் கொடுத்து அடைத்தார்கள். செல்கள் சுவரை விட்டுக் கழன்றன, எலிகள் பிழைத்தன.

எலி வேறு, குழந்தை வேறு என்று நீங்கள் சொல்லலாம். மலேரியா ஆய்வாளர் நிக்கோலஸ் ஒயிட்டும் சகாக்களும் 2010-இல் இதையே காரசாரமாக எழுதினார்கள். எலியின் மூளை நாளத்தில் குவிவது வெள்ளையணு, மனித மூளை நாளத்தில் குவிவது கிருமி கொண்ட சிவப்பணு; எலியைக் காப்பாற்றிய மருந்துகள் நோயாளியிடம் வந்ததும் பலிக்கவில்லை; ஆகவே எலியை வைத்து வாதம் செய்வதை நிறுத்துங்கள் என்பது அவர்கள் கருத்தின் சாரம். அன்று கையில் இருந்த ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கோபம். ஆனால் ஆதாரம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2015-இல் பிளாண்டயர் குழந்தைகளின் மூளை நாளங்களுக்குள் மோனோசைட் வகை வெள்ளையணுக்களும் இரத்தத் தட்டுகளும் சேர்ந்திருப்பது தெரியவந்தது. 2019-இல் எலியின் மூளையையும் குழந்தைகளின் மூளையையும் ஒப்பிட்ட ஆய்வு, இரண்டிலும் சிடி8 செல்கள் நாளத்துக்குள் தங்கி நிற்பதைச் சொன்னது. 2020-இல் மூளை மலேரியாவிலும் வேறு காரணங்களிலும் இறந்த 34 குழந்தைகளின் மூளைத் திசுவில், ஒரே துண்டில் பல புரதங்களுக்குத் தனித்தனியே சாயமேற்றிப் பார்த்தார்கள். மூளை மலேரியாவில் இறந்த குழந்தைகளிடம் சிடி8 டி செல்கள் நாளச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றன. முன்னோர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். கிருமி அடைந்த சிவப்பணுக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டாக நிற்கும் வெள்ளையணு, அதற்கென்று சாயம் போடாவிட்டால் கண்ணில் படாது. தவிர, பழைய ஆய்வுகளில் பல தென்கிழக்கு ஆசியாவின் பெரியவர்களிடம் செய்தவை; நாம் பேசுவது ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பற்றி.

சம்பவ இடத்தில் நின்றவன் எல்லாம் குற்றவாளியா? இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இறந்த மூளை ஒரு கணத்தின் படம். முதலில் வந்தது யார், பிறகு நடந்தது என்ன என்று அது சொல்லாது. ஆனால் ஒரு துணைச் சான்று இருக்கிறது. 2015, 2020 ஆண்டு ஆய்வுகள் இரண்டிலும், எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்திருந்த குழந்தைகளின் மூளை நாளங்களில் வெள்ளையணுக்கள் இன்னும் அதிகமாகக் குவிந்திருந்தன. எச்.ஐ.வி. சிடி4 என்ற இன்னொரு வகை டி செல்களை அழிக்கிறது; சிடி8 செல்களையோ தூண்டிவிட்டு முறுக்கேற்றி வைக்கிறது. கிருமியின் அடைப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. எச்.ஐ.வி. உள்ள குழந்தை வேறு பல வகையிலும் நலிந்தது என்பதால் இதை நான் தீர்ந்த சான்றாகக் கொள்ளவில்லை. எலியில் நேரடிச் சோதனை, குழந்தையிடம் அதே செல் அதே இடத்தில், அந்தச் செல் முறுக்கேறும்போது நாளத்தில் குவிப்பும் கூடுகிற அறிகுறி: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வழக்குத் தொடுக்கப் போதும். தீர்ப்பை நோயாளிகளிடம் செய்யும் மருந்துச் சோதனைதான் தர முடியும்.

அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து கை சுட்டுக்கொண்டோமே என்பார்கள் மூத்த மருத்துவர்கள். அவர்கள் சொல்வதை நின்று கேட்க வேண்டும். 1982-இல் தாய்லாந்தில் 100 மூளை மலேரியா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். சாவு குறையவில்லை. மயக்கம் தெளிய ஆன நேரம் 47 மணியிலிருந்து 63 மணியாக நீண்டது. நிமோனியாவும் இரைப்பை இரத்தக் கசிவும் கூடின. எதிர்ப்பாற்றலைக் கண்மூடித்தனமாக அமுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல. அடுத்தது காம்பியா. அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற பொருள் எலியின் மூளை மலேரியாவுக்கு இன்றியமையாதது என்று 1987-இல் கண்டிருந்தார்கள். அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளை 610 குழந்தைகள் அடங்கிய சோதனையில் பார்த்தபோது, 1996-இல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. மருந்து பெற்றவர்களில் இறந்தோர் 19.9 சதவீதம், பெறாதவர்களில் 20.8 சதவீதம், சாவில் வேறுபாடு இல்லை. பிழைத்தவர்களில் நரம்புக் குறைபாடு தங்கிவிட்டவர்கள் மருந்து பெறாதவர்களில் 2.2 சதவீதம், பெற்றவர்களில் 6.8 சதவீதம். எதிர்ப்பொருள் டி.என்.எஃப்.-ஐப் பிடித்து இரத்தத்திலேயே நீண்ட நேரம் வைத்திருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் கைவிடுங்கள் என்பதல்ல. டி.என்.எஃப். நோயின் தொடக்கத்தில் மணி அடிக்கும் பொருள். குழந்தை மயக்கத்தோடு வந்து சேரும்போது மணி அடித்து முடிந்து, ஆட்கள் வந்து வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அப்போது மணியைப் பிடுங்கிப் பயனில்லை. அந்த நேரத்தில் சுவரில் நிற்கும் செல்லைத்தான் தொட வேண்டும். அந்த இரண்டு சோதனைகளும் இதைச் செய்து பார்க்கவில்லை.

சிடி8 செல் இல்லாமல் மலேரியாவை எதிர்ப்பது எப்படி என்றும் ஒரு தடை எழும். கேள்வி சரி. 1991-இல் காம்பியாவில் செய்த ஆய்வு, எச்.எல்.ஏ.-பி53 என்ற மரபுக்கூறு உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவாக வருவதைக் காட்டியது. சிடி8 செல்லுக்குக் கிருமித் துணுக்கைக் காட்டித்தரும் புரதம் அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு செயல்படும் இடமாகக் கருதப்படுவது கல்லீரல். கொசு கடித்தவுடன் கிருமி முதலில் குடியேறும் கல்லீரல் செல்லுக்கு உட்கரு உண்டு, துணுக்கைக் காட்டும் ஏற்பாடும் உண்டு. சிடி8 செல் அங்கே கிருமியைக் கண்டு கொல்ல முடியும். குழந்தை மயங்கும் கட்டத்தில் கிருமி சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அங்கே இந்தச் செல்லுக்கு வேலை இல்லை. கிருமியைக் கொல்வது ஆர்ட்டிசுனேட் ஊசி. ஆகவே இரண்டு மூன்று நாள் அந்தச் செல்களைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதால் மலேரியாவுக்கு எதிரான போரில் நட்டம் பெரிதாக இருக்காது. வி.எல்.ஏ.-4-ஐ அடைக்கும் நட்டலிசுமாப் என்ற மருந்து ஏற்கெனவே வேறொரு மூளை நோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது. அதை நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்கு ஜே.சி. வைரஸ் மூளையைத் தாக்கும் ஆபத்து உண்டு என்பது தெரிந்ததே; ஓரிரு முறை கொடுப்பதை அதோடு ஒப்பிட முடியாது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று: மயங்கிக் கிடக்கும் குழந்தைகளில் சிலருக்கு இரத்தத்தில் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். அவர்களிடம் வெள்ளையணுவின் பிடியைத் தளர்த்துவது கூடுதல் காவலோடு செய்ய வேண்டிய காரியம்.

மூளையிலேயே தங்கி வாழும் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெயின் நாட்டு டெல் ரியோ ஓர்டேகா 1919-இல் அடையாளம் காட்டிய செல்கள் இவை. எலிகளில் டி செல்கள் வந்து சேருமுன்பே மூளையின் இந்த வகைச் செல்கள் உருமாறி விழித்துக்கொள்கின்றன. சாவுக்கு இவை எவ்வளவு பொறுப்பு என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பிழைத்த பிறகு நடப்பதில் இவற்றின் பங்கைத் தேடுவது பலன் தரலாம். உகாண்டாவின் கம்பாலாவில் மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளை இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, நாலில் ஒருவருக்கு மேல் அறிவுத்திறனில் குறைபாடு இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு நடந்து போன குழந்தை பள்ளியில் பின்தங்குவது சாவுக் கணக்கில் ஏறாது. பெரியவர்களுக்கு இந்த வாதத்தை அப்படியே நீட்டவும் நான் தயாரில்லை. ஒடிசாவின் ரூர்கேலாவில் சஞ்சீவ் மொகந்தியின் குழு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களின் மூளை மாற்றங்கள் ஆப்பிரிக்கக் குழந்தைகளுடையவற்றிலிருந்து வேறுபட்ட சாயலில் இருந்தன. ஒரே பெயர் சூட்டியதால் நோய் ஒன்றாகிவிடாது.

எனவே சோதனை நடக்க வேண்டியது ஆப்பிரிக்காவில், குழந்தைகளிடம், கண்ணுக்குள் பார்த்து உறுதி செய்துகொண்ட நோயாளிகளிடம். காம்பியாச் சோதனைக் காலத்தில் விழித்திரை அடையாளத்தை வைத்து நோயாளிகளைப் பிரிக்கும் வழக்கம் வரவில்லை. வேறு நோயால் மயங்கியவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கக்கூடும். எச்.ஐ.வி. நிலை தெரிந்திருக்க வேண்டும், மருந்து முதல் சில மணி நேரத்திலேயே ஏற வேண்டும், வீக்கம் படத்தில் அளக்கப்பட வேண்டும். ஒட்டுப் புரதங்களை அடைப்பது ஒரு வழி. குளூட்டமின் என்ற எரிபொருள் கிடைக்காமல் செய்து டி செல்லை ஓயவைப்பது இன்னொரு வழி. 2015-இல் அந்த வகை மருந்து ஒன்று, நோய்க் குறி தோன்றிவிட்ட எலிகளையும் காப்பாற்றியது. எதுவானாலும் ஆர்ட்டிசுனேட்டுக்குத் துணையாகத்தான், பதிலாக அல்ல. 5,425 ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளிவந்த சோதனையில், கடும் மலேரியாவில் க்வினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம் பேர். இரண்டாவது மருந்து ஒன்று வேண்டியிருப்பது அந்த எட்டரைக்காகத்தான்.